ஒன்றாம் வீட்டுத் தட்டு

கல்லூரிக்காரர்கள் அந்தத் தெருவுக்கு வந்தபோது முனையிலிருந்த டயர் கடை பூட்டிக் கிடந்தது. அதை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். சுற்றுச்சூழல், நிலைத்த வாழ்வு, சமூகநீதி, மக்கள் பங்கேற்பு என்று பலகை ரயில் மாதிரி நீண்டுகொண்டே போய், கடைசி இரண்டு சொற்களுக்கு இடம் போதாமல் எழுத்து சூம்பிப்போயிருந்தது. அதையெல்லாம் நின்று படிக்கத் தெருக்காரர்களுக்கு ஏது பொறுமை? 'தட்டு ஆபீஸ்' என்று பேர் வைத்து வேலையை முடித்துவிட்டார்கள்.

அங்கே தட்டு வைக்கிற வேலை பார்த்தவள் தட்டக்கா. சாப்பாட்டுத் தட்டு இல்லை, தூசித் தட்டு. தெருவுக்குப் பின்னால் ஒரு மில் இருக்கிறது. வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து மாவாக அரைத்து மூட்டை கட்டி அனுப்புகிற மில். பெயிண்டுக்கும் பல்பொடிக்கும் அந்த மாவு போகிறது என்கிறார்கள். மூட்டையில் அடங்காதது எல்லாம் தெருவுக்கு வரும். அந்தத் தெருவில் பூனை எந்த நிறத்தில் பிறந்தாலும் மூன்றே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும். துவைத்த துணியைக் காயப்போட்டால், எடுக்கும்போது இன்னொரு தடவை துவைக்கலாம்.

கல்லூரியின் யோசனை எளிமையானது. மில் சுவரை ஒட்டிய ஒன்றாம் வீட்டிலிருந்து தெருக்கோடியிலுள்ள பன்னிரண்டாம் வீடு வரை, ஒவ்வொரு வீட்டு முன் ஜன்னலிலும் ஒரு கண்ணாடித் தட்டு. மேலே கம்பிக் கூண்டு. முதல் தேதி வைத்தால் முப்பதாம் தேதி மூடி போட்டு, டேப் ஒட்டி, கையெழுத்து வாங்கி எடுத்துக்கொள்வாள் தட்டக்கா. தட்டுகளை எடை போடுவது மட்டும் தெருவில் நடக்காது. தராசு மேலேயே தூசி விழுமே! அதனால் இரண்டு மணி நேர பஸ் பயணத்தில், மலையடிவாரத்திலிருந்த கல்லூரியின் களநிலையத்துக்குப் போக வேண்டும்.

தட்டோடு ஒரு சீட்டும் போகும். சீட்டில் ஒரே ஒரு கேள்வி: இந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது? வெள்ளையடித்தால் தூசி கூடும், மழைச் சாரல் அடித்தால் குறையும், அதனால் நடந்தது எதுவானாலும் எழுதிவிட வேண்டும். தெரு ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். மச்சினன் வந்து இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பீடி குடித்தான். பக்கத்து வீட்டில் சுவர் இடித்தார்கள். எனக்கும் அவருக்கும் சண்டை, தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. எழுத வராதவர்களுக்குத் தட்டக்காவே கேட்டு எழுதிக்கொடுப்பாள். "எங்க வீட்ல ஒண்ணுமில்லக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் விடமாட்டாள். "ஒண்ணுமே நடக்காத வீடு உலகத்துலயே கிடையாது, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சீட்டு விஷயத்தில் அவள் போலீஸ்.

அவள் வீடுதான் ஒன்றாம் வீடு. அதில் அவளும் தங்கையும் இருந்தார்கள். தெருவுக்கு இவள் பெரியவள், அவள் சின்னவள். பெரியவள் கல்யாணம் ஆகி ஆறு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று தெரு இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது, பதில் கிடைக்கவில்லை. அக்காள் பட்டதைப் பார்த்த சின்னவள் அந்தப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. சமையல் பெரியவள் இலாகா, பெருக்கித் துடைப்பது சின்னவள் இலாகா. அவள் துடைத்து முடித்தால் அந்த வெள்ளைத் தெருவில் அந்த ஒரு வீட்டுத் தரை மட்டும் கறுப்பாக, முகம் தெரிகிற மாதிரி இருக்கும். முன் ஜன்னலை மட்டும் விட்டுவிடுவாள். "எல்லாரும் கோழி வளர்ப்பாங்க, ஆடு வளர்ப்பாங்க. எங்க அக்கா மட்டும் தூசி வளர்க்கிறா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் எட்டாம் தேதி சாயங்காலம், தலை வலிக்கிறது என்று சின்னவள் சீக்கிரம் படுத்தாள். ஒன்பதாம் தேதி காலை எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். வயது நாற்பத்தொன்று. வெளியூரிலிருந்து அண்ணன் வந்து சேர மதியம் மூன்று மணி ஆயிற்று. அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த நாளில் தட்டக்காவுக்கு ஞாபகம் இருப்பது இரண்டே விஷயம். காலையில் போர்வையை விலக்கியது. சாயங்காலம் அண்ணன் தன் செருப்பைத் தேடியது, அது யாருடைய காலிலோ போய்விட்டதால் வேறொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யோசித்துப் பார்த்தாள். சுவரில் மோதின மாதிரி அங்கேயே நின்றது.

துக்கம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. ஆளாளுக்கு வந்து, "அழுதுடு, மனசுக்குள்ள வச்சுக்காத, அழுதுடு" என்று மாத்திரை எழுதிக்கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று முயற்சிகூட செய்தாள். முகத்தைக் கோணினாள், உதட்டைக் கடித்தாள். வந்தது கொட்டாவி. தன்னுடைய நெஞ்சு கல்லாகிவிட்டது என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கம்கூடப் பெரிதாக இல்லை, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ கேட்டது.

நான்காம் நாள் தட்டு ஆபீஸைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். கல்லூரிப் பேராசிரியை போனில் கூப்பிட்டு, "உங்களுக்கு எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் எடுத்துக்கோங்க" என்றார். நல்ல மனுஷி, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது என்று தட்டக்காவுக்குத் தெரியவில்லை. "சரி மேடம், ஏழாம் வீட்டுக் கூண்டு துரு பிடிச்சிருக்கு, ஒண்ணு அனுப்புங்க" என்றாள். ஜெராக்ஸ் கடை முதலாளி சின்னவளின் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பார்சல் கொண்டுவந்த ஆளுக்குச் சொல்வது போல, "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லி வாங்கி வைத்தாள். அந்த மனிதர் போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

முப்பதாம் தேதி பன்னிரண்டு வீட்டுத் தட்டையும் மூடினாள். பதினொரு சீட்டை மற்றவர்களைக் குடைந்து குடைந்து எழுதி வாங்கினாள். கடைசியில் தன் வீட்டுச் சீட்டு. இந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது? பேனாவை எடுத்து, ஒரு நொடிகூட யோசிக்காமல், 'ஒன்றுமில்லை' என்று எழுதி ஒட்டினாள். பொய் சொல்லவேண்டும் என்று எழுதவில்லை. உண்மையாகவே அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

இது சாதாரண மாதமாக இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இதுதான் பன்னிரண்டாவது மாதம். மில்லில் இரண்டாவதாக ஓர் அரவை இயந்திரம் போட அனுமதி கேட்டிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை அரசாங்க ஆபீஸில் விசாரணை. மில்லில் கல் அரைக்கிற திறந்த முற்றத்தைக் கூரை போட்டு மூடவேண்டும், புது இயந்திரம் கூடாது என்பது தெருவின் வாதம். தூசி எங்கள் மில்லிலிருந்து வரவில்லை, மெயின் ரோட்டிலிருந்து வருகிறது என்பது மில் இன்ஜினியரின் வாதம். ஒன்றாம் வீட்டில் கூடுதலாகத் தொடங்கி, தள்ளிப் போகப்போகப் படிப்படியாகக் குறைகிறது என்று பன்னிரண்டு மாதம் விடாமல் காட்டினால் இன்ஜினியர் வாயை மூடவேண்டியதுதான். ஒரு மாதம் அறுந்தாலும் செல்லாது. அதிலும் ஒன்றாம் வீட்டுக் கணக்கு இல்லாவிட்டால், மேல்படி இல்லாத ஏணியைக் கொண்டுபோய் நிறுத்துகிற கதை.

ஐந்தாம் தேதி காலை தட்டக்கா பெட்டியோடு பஸ் ஏறினாள். கூடவே இரண்டாம் வீட்டுத் தையல்காரம்மா. எடை போடும்போது தெரு ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. கல்லூரியே எண்ணை மாற்றிவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதில்லையா. தையல்காரம்மா ஐம்பத்தைந்து வயதிலும் வாய் ஓயாத மனுஷி. ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும்தான் பேசமாட்டாள் என்று சின்னவள் கிண்டல் செய்வாள். அன்றைக்கு இரண்டு மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே வந்தாள். தட்டக்காவும் நீட்ட நீட்ட வாங்கித் தின்றாள். என்ன ருசி என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

களநிலையம் இரண்டே அறை. வெளி அறையில் நாற்றுப் பைகள், மழைமானி, மண் மாதிரிகள் வைத்த டப்பாக்கள். உள் அறையில் தராசு. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மின்தராசு அது. கண்ணுக்குத் தெரியாத தூசிக்கும் எண் காட்டும், எதிரே நின்று தும்மினாலும் எண் காட்டும். அதனால் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, "மூச்சைப் புடிங்க" என்பார் அதைப் பார்த்துக்கொள்கிறவர். எண் நின்றதும் "விடுங்க" என்பார். பதினைந்து வருஷமாக இதே வேலை. அவருக்குத் தெரு வைத்த பேர் மூச்சு சார். அரை மில்லிகிராமைக்கூட முழுசாக்கி எழுதமாட்டார், அவ்வளவு கறார். கல்லூரியில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற செய்தி எதுவும் அந்த மலையடிவாரத்துக்குப் போய்ச் சேராது.

பன்னிரண்டாம் வீட்டில் ஆரம்பித்தார்கள். மூச்சைப் பிடித்தார்கள், விட்டார்கள். தொண்ணூற்றொன்று மில்லிகிராம். பதினொன்று, பத்து, ஒன்பது என்று எண் ஏறிக்கொண்டே வந்தது. தையல்காரம்மாவின் இரண்டாம் வீடு இருநூற்று எழுபத்தொன்பது. வழக்கம்போலத்தான். அடுத்து ஒன்றாம் வீடு. மற்ற பதினொரு மாதமும் முந்நூறைத் தொட்டு நின்ற வீடு.

தராசு இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

"இருங்க, இன்னொரு தடவை வைக்கிறேன்" என்றார் மூச்சு சார். வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்றாவது தடவையும் அதேதான்.

"ஒண்ணாம் வீடு உங்க வீடுதானேக்கா?"

"ஆமா சார்."

"சீட்டுல ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"காத்துல கீழ விழுந்துச்சா? சாரல் அடிச்சுதா? இங்க மழைமானியில போன மாசம் ஒரு சொட்டுகூட விழலியே."

"இல்ல சார். ஒண்ணுமில்ல."

அவர் தட்டை எடுத்து விளக்குக்கடியில் பிடித்து, பெரிதாக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "துடைச்சிருக்காங்க. இந்தா பாருங்க, அடியில வளைவு வளைவா கோடு தெரியுது. ஈரத்துணி. அதுக்கு மேல மறுபடி தூசி விழுந்திருக்கு." தட்டைத் திரும்பத் தராசில் வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். "உங்க வீட்ல ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராம் விழும். அப்படின்னா இது இருபத்தோரு நாள் தூசி. மூடினது முப்பதாம் தேதி." விரல் விட்டு எண்ணி நிமிர்ந்தார். "ஒன்பதாம் தேதிதான் யாரோ துடைச்சிருக்காங்க. அன்னைக்கு வீட்ல ஏதாவது விசேஷமாக்கா? விருந்தாளிங்க வந்தாங்களா?"

"விசேஷம் ஒண்ணுமில்ல சார்" என்றாள் தட்டக்கா.

அதுவரைக்கும் பிடித்த மூச்சை விடாமல் நின்ற தையல்காரம்மா, அப்போது பெருமூச்சாக விட்டாள். கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. தராசில் எண்கள் மேலும் கீழும் ஓடின.

"சார், அன்னைக்குத்தான் இவ தங்கச்சி இறந்து போனா" என்றாள்.

மூச்சு சார் பேனாவைக் கீழே வைத்தார். தட்டுக்கு மூடி போட்டுவிட்டு, எழுந்து போய் ஃபேனைப் போட்டார். எடை போடுகிற நேரத்தில் அந்த அறையில் ஃபேன் ஓடியதே கிடையாது. காகிதங்கள் பறந்தன, அவர் எடுக்கவில்லை. தட்டக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிசைப்படுத்தி மேஜையில் வைத்தாள்.

"யாரும் சொல்லலையேக்கா எனக்கு" என்றார். "வாயில வந்ததக் கேட்டுட்டேன். விசேஷமான்னு கேட்டுட்டேன் பாருங்க."

"பரவால்ல சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 அவர் குரலைத் தாழ்த்தி, "பதினொரு மாசமும் முந்நூறுதான். இந்த மாசமும் முந்நூறுன்னே எழுதிடறேன். யார் கேக்கப் போறா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிவந்துபோனார். பதினைந்து வருஷக் கறாரை ஒரு நிமிஷத்தில் கழற்றி வைக்கத் தயாராகிவிட்டார், பாவம்.

தட்டக்கா சரி என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. அப்படி ஆட்டலாமா என்றுகூட நினைத்தாள். வேண்டாம் என்று சொன்னதற்கு நேர்மை மட்டும் காரணம் இல்லை. அவள் மண்டை மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. "தட்டை ஒரு வருஷம் வச்சிருப்போமே சார். வியாழக்கிழமை அந்த இன்ஜினியர், எங்க முன்னால திரும்ப எடை போடுங்கன்னு கேட்டா? ஒரு எண் பொய்யின்னா மத்த எல்லா எண்ணும் பொய்யின்னுருவான். பன்னெண்டு வீடும் போயிரும்."

 மூச்சு சார் அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். ஏழாவது விதி. தட்டு கலைந்திருந்தால், எந்தத் தேதியில், யாரால், எதனால் கலைந்தது என்று சீட்டில் எழுதி, கண்ணால் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், மீதி நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எழுதாவிட்டால் அந்த மாதமே தள்ளுபடி.

"இருபத்தோரு நாளுக்கு இருநூத்திப் பன்னெண்டுன்னா அதே வேகம்தான். நம்ம வாதம் நிக்கும்" என்றார். "ஆனா எழுதணும். யாரு துடைச்சாங்கன்னு எழுதணும். விசாரணையில கேட்டா வாசிப்பாங்க."

"யாரு துடைச்சாங்கன்னு எனக்குத் தெரியாதே சார். வீடு பூரா ஆளுங்க. வந்த சொந்தக்காரங்கள்ல யாராவது கை நீட்டியிருப்பாங்க. தெருவுல எவளும் தொடமாட்டா, அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்."

"நீதான் துடைச்ச" என்றாள் தையல்காரம்மா.

தட்டக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ வேற்று மொழியில் பேசினது போல, வாயைப் பார்த்தாள்.

"நீதான், பெரியவளே. டாக்டர் வந்து பார்த்துட்டுப் போனாரு. அப்ப எட்டு மணி இருக்கும். வாளியில தண்ணிய எடுத்துக்கிட்டு ஆரம்பிச்ச. உக்காருன்னோம், உக்காரல. கதவு, நிலை, அலமாரி, ஸ்விட்ச் போர்டு, சுவத்துல இருக்கிற காலண்டர் ஆணி வரைக்கும் துடைச்ச. வர்றவங்க காலுக்கடியில புகுந்து புகுந்து துடைச்ச. உங்க அண்ணன் வர்ற வரைக்கும் அந்தத் துணி உன் கைய விட்டு இறங்கல."

"தட்டையுமா?"

"கூண்டைத் தூக்கிக் கீழ வச்சுட்டு தட்டையும் துடைச்ச. நான் உன் கையப் புடிச்சேன். ஏய், அது தட்டுடீன்னேன். அழுக்கா இருக்குன்னு சொன்ன."

"நானா?"

"நீதான். தூசிக்குக் காவல் நிக்கிறவ."

தட்டக்காவுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வந்ததெல்லாம் ஒரு கணக்குக் கேள்விதான். "இவ்வளவு நாளா ஏன் சொல்லல? வேற தட்டு வச்சு, சீட்டுல சரியா எழுதியிருப்பேனே."

"எதைச் சொல்ல? அவ அங்க கெடக்கா, நீ துடைக்கிற. அப்ப எனக்குத் தட்டா பெருசு? அப்புறம் நாலாம் நாளு நீ ஆபீஸத் திறந்து உக்காந்த. எங்க வீட்டுக்கு வந்து, இந்த மாசம் என்ன நடந்துச்சுன்னு என்னையே கேட்ட. எனக்குப் பயமா இருந்துச்சுடி. உன்னைப் பார்க்கவே பயமா இருந்துச்சு."

 வெளியே நாற்றுகளுக்கு யாரோ தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. தட்டக்கா சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 'ஒன்றுமில்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஊர்ச் சீட்டையெல்லாம் எழுதின கை. உருண்டையான எழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. தையல்காரம்மா அந்தக் கையைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

எழுதி முடித்துச் சீட்டை நீட்டினாள். எந்தத் திருத்தத்தையும் உரக்க வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, எழுதினவர் சரி என்று சொன்ன பிறகுதான் முத்திரை வைப்பார்கள். எழுதத் தெரியாதவர்களை யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்று வைத்த வழக்கம். தட்டக்கா விஷயத்தில் அது தேவையில்லைதான். ஆனாலும் மூச்சு சார் வழக்கத்தை விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, வாசித்தார்.

"இந்த மாதம் ஒன்பதாம் தேதி காலை என் தங்கை இறந்துபோனாள். அன்று காலை எட்டு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை நான் வீட்டைத் துடைத்தேன். முன் ஜன்னலிலிருந்த தட்டையும் ஈரத்துணியால் துடைத்தேன். பார்த்தவர் இரண்டாம் வீட்டுத் தையல்காரர்." நிமிர்ந்து பார்த்தார். "சரியாக்கா?"

சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். தங்கை இறந்துபோனாள் என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை, எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. இப்போது அதைச் சம்பந்தமில்லாத ஒரு மனிதர், மண் மாதிரி பற்றி வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். என் தங்கை என்று வாசித்தார். காதில் விழுந்தது உள்ளே இறங்கிக்கொண்டே போனது.

"இல்ல சார்" என்றாள். "ஒண்ணு விட்டுப்போச்சு."

"சொல்லுங்க."

"அந்த ஜன்னலுக்குக் கீழதான் அவளைப் படுக்க வச்சிருந்தோம். கூட்டமா இருந்துச்சுன்னு ஜன்னலைத் திறந்து விட்டிருந்தாங்க."

தையல்காரம்மா சுவரிலிருந்து திரும்பினாள்.

"மில்லு ஓடிக்கிட்டுதான் சார் இருந்துச்சு. அவங்க எதுக்கு நிறுத்தப்போறாங்க? அவ மூஞ்சியில விழுந்துச்சு. இமையில, உதட்டுல, வெள்ளையா. அவளுக்கு அது ஆகாது, ஒரு பொட்டு தூசி இருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. துணியை நனைச்சுத் துடைச்சு விட்டேன். திரும்பினா மறுபடி விழுந்திருக்கு. மறுபடி துடைச்சேன். எல்லாத்துலயும் இருந்துதானே சார் பறந்து வருது. ஜன்னல்ல இருந்து, நிலையில இருந்து, அந்தத் தட்டுல இருந்து. அதான் எல்லாத்தையும் துடைச்சேன். அவ மேல விழக்கூடாதுன்னுதான் துடைச்சேன்."

இதைச் சொல்லும்போது குரல் பிசகவில்லை. சீட்டுக்குச் செய்தி சொல்கிற மாதிரியே சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே தெரிந்தது. அந்த முகம் திரும்ப வந்தது, நனைந்த துணியின் ஈரம் விரலுக்கு வந்தது.

"இதையும் எழுதணுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார் மூச்சு சார்.

"எழுதுங்க. தூசி எங்க விழுந்துச்சுன்னுதானே நாம எழுதறோம். வியாழக்கிழமை அவங்க முன்னால வாசிக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்தார். இறந்தவளின் முகத்தில் என்று எழுதி, விழுந்த தூசியை என்று எழுதி, நின்றார். அந்த மனிதருக்கு எண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாது. யாரையும் நோகடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. எழுதுவதைச் சரியாக எழுதவேண்டும் என்ற பழக்கத்தில்தான் கேட்டார்.

"எத்தனை தடவை துடைச்சீங்கன்னு போடட்டும்?"

தட்டக்கா விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். "டாக்டர் போனதும் ஒரு தடவை. ஜன்னல் திறந்ததும் ஒரு தடவை. அப்புறம்..." மூன்றாவது விரலை மடக்கினாள். நான்காவதை மடக்கினாள். ஐந்தாவது விரல் பாதியில் நின்றது, உதடு கோணியது, வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாலு வாரமாக வராத அழுகை, மேஜையும் தராசும் அதிர்கிற மாதிரி வந்தது. மடக்கின விரல்களை விரிக்கத் தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு அழுதாள்.

தையல்காரம்மா அந்தக் கையைப் பிடித்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பல தடவைன்னு போடுங்க சார்" என்றாள். "நான் பார்த்தேன். நான் கையெழுத்துப் போடறேன்."